தனி விசுவாசமும் பங்கு வாழ்வும்

(பங்கின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் பழம் பெருமை பேசுவது வழக்கம். நான் ஒரு கேள்வியோடு தொடங்க விரும்புகிறேன். சென்ற மாதம் நம் ஊர் வாலிபன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஐயா, நான் வீட்டிலேயே முழந்தாளிட்டுச் செபிக்கிறேன். செல்போனில் பூசை பார்க்கிறேன். யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. பிறகு கோயிலுக்கு எதற்கு வரவேண்டும்?" 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் கோயில் கதவுகள் அடைக்கப்பட்டன. கதவு திறந்த பின்னும் திரும்பி வராதவர்களில் அவனும் ஒருவன். நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஏனெனில், ஒரு காலத்தில் நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. விசுவாசம் என்பது ஒவ்வொருவனும் தன் சொந்த நெஞ்சால் சர்வேசுரனுக்குச் சொல்ல வேண்டிய பதில். தகப்பனார் செபமாலை சொன்னார் என்பதால் மகன் கரையேறிவிட முடியாது. அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு செபிக்கும்படி நம் ஆண்டவரே போதித்தார்.

நம் தமிழ்நாட்டு வேதசாட்சி புனித தேவசகாயத்தைப் பாருங்கள். 1745-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1749-ல் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கிக்கு முன் நின்ற அந்த வேளையில் அவருக்காக வேறு எவரும் "ஆம்" சொல்லியிருக்க முடியாது.

ஆனால், அந்தச் சரித்திரத்தையே முழுவதும் படியுங்கள். துன்பத்தில் இருந்தவருக்கு யோபுவின் கதையைச் சொல்லி வேதத்தை அறிமுகம் செய்தவர் டிலனாய் என்பவர். ஞானஸ்நானம் கொடுத்தது வடக்கன்குளம் கோயில். அவர் இறந்த பின் உடலை எடுத்துச் சென்று கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தவர்கள் விசுவாசிகள். 270 ஆண்டுகள் அவர் நினைவைக் காத்து வந்ததும் சாதாரண ஜனங்கள்தான். அதனால்தான் 2022 மே 15-ல் ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவிக்க முடிந்தது. தனி ஒருவராய் நின்ற மனிதரையும் முன்னும் பின்னும் ஒரு சபை தாங்கியிருந்தது!

நம் பகுதிக்கு வருவோம். பாராமகால் என்று பேர்பெற்ற இச்சீமையில் மைசூர் மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குருக்கள் வேதம் போதித்தார்கள். 1773-ல் பாப்பரசர் அச்சபையைக் கலைத்தபோது குருக்கள் குறைந்துபோனார்கள். பின்னர் பாரிஸ் வேதபோதக சபையார் வந்தார்கள். 1930-ல் சேலம் மறைமாவட்டம் உண்டாயிற்று. 1997-ல் தருமபுரி தனி மறைமாவட்டம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், சாமியார் கிராமத்துக்கு வருவது எப்போதோ ஒருமுறை. அந்த நாட்களில் விளக்கு வைத்து மந்திரம் சொல்லிக் கொடுத்தவர் உபதேசியார்; சாகக் கிடக்கிற சிசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அவர்தான். அவர் சொல்லச் சொல்ல, ஊர் கூடிச் சொன்னது.

இதே பாரிஸ் சபையைச் சேர்ந்த ஒரு குருவுக்கு ஜப்பானில் நடந்த சம்பவத்தைக் கேளுங்கள். 1614-ல் அங்கே வேதம் தடைசெய்யப்பட்டது. 1644-க்குப் பின் குருவே இல்லை. 1865 மார்ச் 17-ஆம் நாள், நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோயிலில் நின்றிருந்த பெத்திழான் சுவாமியாரிடம் சில குடியானவர்கள் வந்து, தாங்களும் அதே வேதம் என்று இரகசியமாகச் சொன்னார்கள். தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பூசையும் இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. விசுவாசம் எப்படி நிலைத்தது? ஊருக்கு ஊர் ஒருவர் செபங்களை நடத்தினார். ஒருவர் திருநாட்களைக் கணக்கு வைத்தார். ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவன் அறைக்குள் காத்த விசுவாசம் அவனோடு கல்லறைக்குப் போயிருக்கும். பங்கிட்டுக் காத்ததால்தான் ஏழு தலைமுறை கடந்தது.

இப்போது என் கதை. மழை பொய்த்து, கேழ்வரகு கருகிய ஒரு வருஷம், நம்மில் பலரைப்போல் நானும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனேன். முதல் மாதம் தினமும் செபமாலை சொன்னேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு மறந்தே போனேன். வேண்டுமென்று விடவில்லை, கூடச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்துத் திரும்பினேன். கோயில் வரி பாக்கியை ஞாபகமாகக் கேட்டார்கள். நான் எப்படி இருந்தேன் என்று கேட்கவில்லை. மனம் கசந்து வெளியே வந்தபோது, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "ஏன் கண்ணு, மூணு வருசமா உன்னைக் காணோமே? உனக்கும் சேர்த்துத்தான் தினம் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். நான் செபிக்க மறந்த நாட்களில் எனக்காக ஒருத்தி செபித்திருக்கிறாள்! திருச்சபை என்றால் என்ன என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

அந்த வாலிபனுக்கு என் பதில் இதுதான்: "தம்பி, உனக்குக் கோயில் தேவைப்படாத நாள் இருக்கலாம். ஆனால், கோயிலில் யாரோ ஒருவருக்கு நீ தேவைப்படுகிறாய்."

அவனை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். அவன் வருவதற்குத் தகுந்த சபையாக நாம் இருக்கிறோமா? கொரிந்து நகரத்துச் சபையைப் புனித சின்னப்பர் எதற்காகக் கண்டித்தார்? வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டு வயிறு நிறைந்தான். இல்லாதவன் பசியோடு நின்றான். அப்படிக் கூடுவது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்று எழுதினார்.

நம் மாவட்டத்தில், 2012 நவம்பர் 7-ஆம் நாள், நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம் காலனியிலும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலும் சாதியின் பேரால் 200-க்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. "அது வெளியே நடந்தது, நமக்கென்ன?" என்று கை கழுவலாமா? பிலாத்துவும் கை கழுவினான். 2003-ல் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமைக்குச் சென்றபோது, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பிரிவினை மெய்யான மனித ஒற்றுமைக்கு எதிரானது என்று எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. நமக்காகத்தானே சொன்னார்! ஒரே அப்பத்தை வாங்கிவிட்டு, பந்தியில் பக்கத்தில் உட்காரத் தயங்கினால், கல்லறைத் தோட்டத்தில் வரப்புக் கட்டினால், நாம் கூடுவது கூட்டம், சபை அல்ல. அதைப் பார்த்து ஒரு வாலிபன் வீட்டிலேயே செபித்துக்கொள்கிறேன் என்றால், அவனுக்கு மட்டுமா பாவம்?

அன்பர்களே, மூன்று காரியங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, விளக்கு வைத்ததும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து செபியுங்கள். கைபேசியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். இரண்டாவது, உங்கள் அன்பியத்தில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் எந்த ஊரில் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை போன் போட்டு, வரியைப் பற்றி அல்ல, அவர்களைப் பற்றி விசாரியுங்கள். மூன்றாவது, இந்தப் பொன்விழாப் பந்தியில் இதுவரை யாரோடு உட்கார்ந்ததில்லையோ, அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

யூபிலி என்றால் என்ன? பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் கூறுகிறபடி, ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதப்படும். அடிமைப்பட்டவன் விடுதலை பெறுவான். நிலத்தை இழந்தவன் அதை மீண்டும் பெறுவான். ஒவ்வொருவனும் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். ஆம், யூபிலி என்பது வீடு திரும்பும் ஆண்டு! கொடியும் தோரணமும் நாளை இறங்கிவிடும். யார் இன்னும் வீடு திரும்பவில்லை, அவரைத் திரும்பவிடாமல் செய்தது நம்மில் எது என்ற கேள்வி இறங்காதிருக்கட்டும்.

அந்தப் பாட்டி இப்போது நம் கல்லறைத் தோட்டத்தில் இளைப்பாறுகிறாள். அவள் உட்கார்ந்த படிக்கட்டு காலியாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களையும் வராதவர்களையும் கவனிக்க நம்மில் ஒருவர் முன்வருவாரானால், இப்பொன்விழா வீண்போகாது.

 சேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!