கரையும் கடற்பயணத்தின் பாதியே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுதுவோர்க்குக் கடலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்கத் தோன்றும். மட்டாஞ்சேரியில் குடியிருப்பதே அவ்வுரிமையைத் தந்துவிடுகிறது. பஜார் சாலையில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளுக்குப் பின்னால் காயல் இருக்கிறது. படகுத் துறையில் நின்றால் எதிரே வில்லிங்டன் தீவு தெரிகிறது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலை ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணைக் கொட்டிப் பெருக்கிய நிலம் அது. கப்பலின் ஊதொலி நம் அடுக்களை வரை கேட்கிறது. ஆதலின், நம் வீடுகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியையே இன்று பேச எடுத்துக் கொண்டோம். கரை சேர்ந்த கடலோடிக்கு ஏன் கரை பொருந்துவதில்லை?

கப்பல் வேலையில் இருக்கும் பிள்ளை ஆறு மாதம் கழித்து வீடு வருகிறான். முதல் வாரம் விருந்தும் உறவுமாகக் கழிகிறது. இரண்டாம் வாரம் திண்ணைக்கும் வாசலுக்கும் நடக்கத் தொடங்குகிறான். மூன்றாம் வாரம் உண்ட உணவில் சுவை இல்லை. நள்ளிரவில் எழுந்து அமர்கிறான். “பெற்றவளும் வீடும் இவனுக்குக் கசந்துவிட்டனவோ?” என்று தாய் கண் கலங்குகிறாள். மனைவி வாய் திறவாமல் அதே கவலையைச் சுமக்கிறாள். அவன் நன்றி மறந்தவனும் அல்லன். அன்பு குறைந்தவனும் அல்லன். இதனை விளக்கவே நாம் இங்கு நிற்கிறோம்.

முதற் காரணம் உடல். அலையின் ஆட்டத்திற்குப் பழகிய மூளையும் உட்செவியும் உறுதியான தரையில் நின்ற பின்னும் சிறிது காலம் அந்த ஆட்டத்தையே எதிர்பார்க்கின்றன. தரை அசைவது போலத் தோன்றும். பெரும்பாலோர்க்கு இஃது ஓரிரு நாளில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது காரணம் உறக்கம். கப்பலில் நான்கு மணி நேரக் காவல் என்னும் முறை உண்டு. பாய்க்கலத்தில் தனியே செல்வோர் இருபது நிமிடம், அரை மணி நேரம் எனத் துண்டு துண்டாகவே உறங்குவர். அவ்வாறு பழகிய கண்களை ஒரே இரவில் எட்டு மணி நேரம் மூடச் சொன்னால் மூடுமோ?

மூன்றாவது காரணமே பெரியது. கடலில் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் உடனே விடை கிடைக்கிறது. கயிற்றைத் தளர்த்தினால் பாய் பேசும். சுக்கானைத் திருப்பினால் கலம் கேட்கும். தவறினால் தண்டனையும் அக்கணமே வரும். கரையிலோ ஒரு விண்ணப்பத்திற்கு விடை வர மூன்று மாதம் ஆகிறது. தன் கைக்கு வேலையும் தன் விழிப்புக்குத் தேவையும் இல்லாத இடத்தில் கடலோடி தன்னையே தேவையற்றவனாக எண்ணிவிடுகிறான். அவனை வருத்துவது அந்த எண்ணம்தான், வீடன்று.

இத்துன்பத்திற்கு இருவர் கண்ட இருவேறு வழிகளை உலகம் அறியும். 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பந்தயம் அறிவிக்கப்பட்டது. தனியே, எங்கும் நில்லாமல், பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வர வேண்டும். ஒன்பதின்மர் புறப்பட்டனர். முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. 312 நாள் கடலில் இருந்து 1969 ஏப்ரல் 22 அன்று அவர் கரை சேர்ந்தார். அவருடைய ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட கலம் என்பது நமக்குப் பெருமை. அதே பந்தயத்தில் பெர்னார்ட் முவாத்தெசியே என்னும் பிரெஞ்சுக்காரரும் இருந்தார். தென்னமெரிக்காவின் தென்முனையைக் கடந்த பின் அவர் வடக்கே ஐரோப்பாவை நோக்கித் திரும்பவில்லை. பரிசையும் புகழையும் விட்டுக் கிழக்கு நோக்கியே சென்று, 1969 ஜூனில் தாகித்தித் தீவை அடைந்தார். கரையில் அவர் மனைவி காத்திருந்தார். முவாத்தெசியேயைத் துறவி என்று போற்றுவாரும் உளர். நாம் அவரைத் தூற்ற மாட்டோம். ஆயினும் குடும்பம் உடையார்க்கு அந்த வழியைக் காட்டவும் மாட்டோம்.

வேறொரு வழியைக் காட்டியவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். கொச்சியை அடுத்த கண்டநாட்டைச் சேர்ந்த அபிலாஷ் டோமி அவர்கள் கடற்படையில் விமானியாகப் பணியாற்றியவர். 2009-10இல் திலீப் தோந்தே அவர்கள் ‘மாதே’ என்னும் கலத்தில் தனியே உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியரானார். அப்பயணத்திற்குக் கரையில் இருந்து உதவிய பணியாளர் அபிலாஷ். பிறருடைய பயணத்திற்குக் கரைவேலை செய்தே அவர் தம் பயணத்தைக் கற்றார். 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து அதே கலத்தில் புறப்பட்டு, எங்கும் நில்லாமல் ஏறத்தாழ 150 நாளில் உலகைச் சுற்றித் திரும்பினார். அங்ஙனம் செய்த முதல் இந்தியர் அவரே.

2018இல் பழைய பந்தயத்தின் பொன்விழா நடந்தது. அக்காலத்துக் கருவிகளே கொண்டு செல்லலாம் என்பது விதி. காகித வரைபடமும் செக்ஸ்டண்ட் என்னும் கோணமானியுமே துணை. சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டிய ‘துரியா’வில் அபிலாஷ் சென்றார். செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அக்கலத்தைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பும் முறிந்தது. பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில், அசைய இயலாமல் மூன்று நாள் கிடந்தார். செப்டம்பர் 24 அன்று ‘ஒசிரிஸ்’ என்னும் பிரெஞ்சுக் கலம் அவரை மீட்டது.

இனிமேல்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அவர்க்கு வாய்த்த கரைவாழ்வு எத்தகையது? அறுவை மருத்துவமும், முதுகெலும்பில் டைட்டானியமும், நடப்பதை மீண்டும் கற்பதுமான வாழ்வு. அவர் உள்ளத்தில் அப்போது என்ன ஓடியது என்று நாம் கற்பனை செய்யத் துணியோம். செயலை மட்டும் காண்போம். நடந்தார், மீண்டும் விமானம் ஓட்டினார், 2021இல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார், வேறொரு கலத்தைத் தேடிச் செப்பனிட்டார். 2022 செப்டம்பர் 4 அன்று அதே பந்தயத்திற்கு மீண்டும் புறப்பட்டார். பதினாறு பேரில் எங்கும் நில்லாமல் முடித்தவர் மூவரே. முதலிடம் தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நொய்ஷாஃபருக்கு. 236 நாளில், 2023 ஏப்ரல் 29 அன்று கரை சேர்ந்த அபிலாஷுக்கு இரண்டாமிடம். அந்த நான்கு ஆண்டுகளும் வீண் போகவில்லை. கடலில் ஓடிய 236 நாட்களுக்கு அவையே அடித்தளம்.

பெருவீரர்க்கு மட்டுமே இஃது இயலும் என்று கருத வேண்டா. தோப்பும்படி மீன்பிடித் துறைக்குச் சென்று பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்துத் தமிழ் மீனவர் அங்கிருந்தே ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். வாரக் கணக்கில் கரையைக் காணாதவர்கள். கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் இயந்திர இழுவைப் படகுகளுக்கு 52 நாள் தடை வரும். அந்நாட்களில் துறையெங்கும் சுத்தியல் ஓசை கேட்கும். வலை பின்னுவர், இயந்திரத்தைப் பிரிப்பர், அடிப்பலகை சுரண்டி வண்ணம் பூசுவர். தடை முடியும் இரவில் அணியமாகாத படகு முதல் மீன்பாட்டை இழக்கும். கரைநாளில் தைத்த வலையே கடலில் மீனைத் தாங்கும்.

நம் புகைவண்டித் துறையிலும் இதே நெறிதான். காலமுறைப் பழுதுபார்ப்புக்காகப் பொன்மலைப் பணிமனைக்குச் செல்லும் பெட்டியை ஓடாத பெட்டி என்று எவரும் தள்ளுவதில்லை. ஓடுவதற்காகவே அது அங்கு நிற்கிறது.

ஆதலின் தாய்மார்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வந்த பிள்ளையை விருந்தாளியாக்கி நாற்காலியில் அமர்த்தாதீர்கள். சில நாள் உறங்கட்டும். பின்பு ஒழுகும் ஓட்டை மாற்றவும், தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தரவும், தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அவனிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். தான் தேவைப்படும் இடத்தில் எவர்க்கும் கால் நிலைக்கும்.

இனி நமக்கே ஒரு சொல். திருநெல்வேலியிலும் மதுரையிலும் இருந்து பிழைப்பைத் தேடி இங்கு வந்த நாமும் ஒரு வகையில் கரையில் காத்திருப்போரே. “ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய் வாழ்வோம்” என்று இருபது, முப்பது ஆண்டுகளைத் திண்ணையில் நடந்தே கழித்துவிடுகிறோம். ஊரும் நம்முடையதாக இல்லை, இவ்வூரும் நம்முடையதாகவில்லை. இதற்கிடையே பிள்ளைகள் வளர்ந்துவிடுகின்றனர். பள்ளியில் மலையாளம் கற்கின்றனர், அது நன்றே. ஆனால் பாட்டியின் கடிதத்தைப் படிக்க அண்டை வீட்டாரை அழைக்கும் நிலை வரலாமா? ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பிக்க இச்சங்கத்தில் இடம் உண்டு. கற்பிக்க வருவோரே குறைவு. அண்டை வீட்டு மலையாள நண்பரின் இன்ப துன்பங்களிலும் நாம் பங்கு கொள்ள வேண்டும். இவையே நாம் தைக்க வேண்டிய வலை.

ஊர் திரும்பும் நாள் வரலாம், வராமலும் போகலாம். எதுவாயினும் இங்கு வாழும் நாட்கள் நம் வாழ்நாளிலிருந்தே கழிகின்றன. அவற்றை வேலையாக்குவோம்.