முதுமையும் ஆயுளும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளின் கல்வியைப் பேணி வருகிறது. அப்பிள்ளைகளைக் கூலி உழைப்பால் படிக்க வைத்தோர் இன்று முதியோராய்த் திண்ணையில் அமர்ந்துள்ளனர். அவர்தம் ஆயுளைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

முதியவர் உடல்நிலையை நோயின் பெயர் கொண்டே நாம் மதிப்பிடுகின்றோம். சர்க்கரையா, இரத்தக் கொதிப்பா என வினவுகின்றோம். மருத்துவ ஆய்வுகளோ, அவரால் எதனைச் செய்ய இயலுகிறது என்பதையும் எடைபோடுகின்றன. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஐம்பது வயது கடந்தோர் அடுத்த நான்காண்டுகளில் இறக்கும் வாய்ப்பைக் கணிக்க ஒரு மதிப்பெண் பட்டியல் வகுத்தனர். வயது, நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றோடு, குளித்தல், சில தெருத் தொலைவு நடத்தல், கனத்த பொருளைத் தள்ளுதல், பணக் கணக்கைக் கவனித்தல் ஆகியனவும் அதில் உள. மதிப்பெண் மிகுந்தால் ஆபத்து மிகும்; பள்ளிக்கூட வழக்கத்திற்கு நேர்மாறு! சர்க்கரை நோய்க்கு 1, புற்றுநோய்க்கு 2. குளிக்க இடர்ப்படுவோர்க்கும் அதே 2.

வியப்பன்று. குனிதல், நீர் மொள்ளுதல், ஈரத்தரையில் நிலைகொள்ளுதல் எனக் குளியலில் தசை, மூட்டு, கண், இதயம், மூளை யாவும் ஒருங்கே உழைக்கின்றன. ஒன்று தளர்ந்தாலும் அங்கே வெளிப்படும். கைப்பிடி வலிமையும் அத்தகையதே. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலிமை 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு கூடியது.

எனினும் அயல்நாட்டு அளவுகோலை அப்படியே நம் தெருவுக்குக் கொணர்தல் தகாது. எழுத்தறிவே மறுக்கப்பட்ட மூதாட்டியிடம் வங்கிக் கணக்கைக் கேட்டால், அவ்வினா அவர் தளர்ச்சியை அளவாது. நாடு அவருக்கு இழைத்ததையே அளக்கும். மெலிந்தோர்க்கும் அப்பட்டியல் 1 மதிப்பெண் இடுகிறது. நம்மவருள் இளமை முதலே அரைவயிற்றால் மெலிந்தவர் பலர். ஆகவே மெலிவை அன்று, இருந்த எடை காரணமின்றிக் குறைவதையே உற்றுநோக்குதல் வேண்டும்.

பட்டியலில் இல்லாத காரணி ஒன்றும் உண்டு. ஒன்பது இந்திய மாநிலங்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, தலித் மக்களின் சராசரி ஆயுள் உயர்சாதி இந்துக்களைவிட மூன்றாண்டுகளுக்கு மேல் குறைவெனக் கண்டது. அவற்றுள் தமிழகம் இல்லை. ஆயினும் செல்வநிலை வேறுபாட்டைக் கழித்த பின்னும் அவ்விடைவெளி முற்றும் மறையவில்லை என்பது நாம் கருதத்தக்கது.

நம் இல்லங்களில் அன்னையார் குழாயடிக்குச் செல்வதை நிறுத்தினால், "வயதாகிவிட்டது" என்று அமைகின்றோம். அது ஓய்வன்று, அறிகுறி. முட்டிவலியோ, கண்புரையோ, இரத்தச்சோகையோ, பெரும்பாலும் மருத்துவம் உள்ளதோர் காரணம் பின்னிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிற்கே கொணரப்படுகின்றன. கேட்டுப் பெறுதல் வேண்டும்.

மாணவர்களே, இன்று மாலையே ஒன்று செய்க. தெருவில் நான்கு மீட்டர் அளந்து கோடிட்டு, பாட்டனாரை வழக்கம்போல் நடக்கச் சொல்லுங்கள். ஐந்து நொடிக்கு மேலானால், இவ்வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.