பழைய காரில் வெம்மை

வெப்பநாட்டவருக்குக் குளிர் ஒரு விருந்தாளி. வட ஐரோப்பியருக்கோ அது ஆண்டுதோறும் வந்து பல திங்கள் தங்கிச் செல்லும் கடன்காரன். தை மாதத்து விடியற்பொழுதில் ஜேர்மனி நாட்டில் ஒருவர் தமது காருக்குள் ஏறி அமர்ந்தால், அவருடைய மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த முன்கண்ணாடியிற் பட்டு மங்கற் படலமாகப் படியும். குளிர் மிகுந்தால் அப்படலமே உறைந்து பனிக்கட்டியாகும். தெருவும் தெரியாது, தெருவைக் கடக்கும் பிள்ளையும் தெரியாது. ஆதலின் அந்நாடுகளிலே காரின் உள்ளே வெம்மையூட்டுதல் சுகபோகம் அன்று. உயிர்ப் பாதுகாப்பு என்றே கொள்ளல் வேண்டும்.

எஞ்சினை நீரினாற் குளிர்விக்கும் கார்களில் இதற்கு வழி எளிது. சூடேறிய நீரின் ஒரு பகுதியைச் சிறியதொரு றேடியேற்றருக்குள் செலுத்தி, அதனூடாகக் காற்றை ஊதினால், வெங்காற்று டாஷ்போட்டிலுள்ள வாயில்களால் வெளிவரும். ஆனால், உலகம் 'வண்டு' எனச் செல்லமாக அழைத்த பழைய வொக்ஸ்வாகன் காரிலே நீர் இல்லை; எஞ்சினைக் குளிர்விப்பது காற்று. ஜேர்மனியின் வுல்ஃப்ஸ்பேர்க் நகரில் பெருகத் தொடங்கிய இவ்வண்டி, 2003ஆம் ஆண்டிலே மெக்சிக்கோவில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை, 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டது. அவற்றை இன்றும் பேணி ஓட்டுவோர் உளர். அவர்களுட் பலர் குளிர்காலத்திற் சொல்லும் குறை ஒன்றே: முன்கண்ணாடிக்கு வெம்மை வந்து சேர்வதில்லை.

இக்குறைக்குக் காரணம் அக்காரின் அமைப்பிலேயே உண்டு. எஞ்சின் இருப்பது பின்புறத்தில்; கண்ணாடி இருப்பது முன்புறத்தில். 1963ஆம் ஆண்டு மாதிரி முதலாக, எஞ்சினின் விசிறி புதுக்காற்றின் ஒரு பகுதியை இரு குழாய்களால் இரண்டு வெப்பப் பெட்டிகளுக்கு அனுப்புகின்றது. புகை செல்லும் சூடான குழாய்களைச் சுற்றி அமைந்தவை இப்பெட்டிகள். அங்கே சூடேறும் காற்று, கதவுகளின் கீழாக ஓடும் இரும்புக் கால்வாய்களால் முன்னேறி, ஒரு பங்கு பயணிகளின் கால்மாட்டில் வெளிவர, மிஞ்சியதே டாஷ்போட்டின் மேலுள்ள ஒடுங்கிய வாயில்களால் கண்ணாடியைத் தழுவும். வழி நெடியது, வழியெங்கும் செலவு. மேலும், விசிறியைச் சுழற்றுவது எஞ்சினே. எஞ்சின் மெல்லச் சுழலுங்கால் காற்றும் மெலியும்.

இந்நிலையிற் பலர் செய்யும் தவறு, டாஷ்போட்டின் வாயில்களைக் குடைந்து பெரிதாக்க முனைவதாகும். வாய்க்காலில் நீர் வராதபோது மடையை அகலமாக்கிப் பயன் என்ன? உள்ள காற்று பரந்து வேகமிழப்பதே மிச்சம். முதலில் ஊற்றிலிருந்து வாயில் வரை வழியைச் சோதித்தல் வேண்டும்.

எஞ்சினிலுள்ள தேர்மோஸ்ரற்றும் அது இயக்கும் தகடுகளும் கழற்றப்பட்டிருந்தால், எஞ்சின் விரைவிற் சூடேறாது, காரும் சூடேறாது. அவற்றை மீண்டும் பொருத்துதல் முதற் படி. வெப்பப் பெட்டியின் கதவுகளைத் திறக்கும் கம்பிகள் முழுமையாக இழுக்கின்றனவா எனப் பார்ப்பது இரண்டாம் படி. மூன்றாவது, இணைப்புக் குழாய்கள். பெட்டியையும் கால்வாயையும் இணைக்கும் குழாயும், கால்வாயின் நுனியிலிருந்து டாஷ்போட்டுக்கு ஏறும் குழாயும் காலப்போக்கில் வெடித்தும் கழன்றும் போவன. புதியன பொருத்தி, பற்றுவளையங்களால் இறுக்கிவிட்டால், சிறு செலவிலே பெரும் பயன் கிட்டும். நான்காவது, கதவின் கீழுள்ள கால்வாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால், அதனை வெட்டி ஒட்டுதல் தேர்ந்த தொழிலாளியின் வேலை. அக்கால்வாய் காரின் உடலைத் தாங்கும் உறுப்புமாதலின், அதில் அலட்சியம் கூடாது.

1968ஆம் ஆண்டு மாதிரி முதலாக டாஷ்போட்டில் புதுக்காற்று வாயில்களும் வந்தன. அவை தருவது வெளியேயுள்ள குளிர்காற்று. அவற்றின் தகடு சரியாக மூடாவிடின், ஒரு கையாற் கொடுத்த வெம்மையை மறு கையாற் பறிப்பதாகும். அவற்றைச் செவ்வனே மூடி, கால்மாட்டு வாயில்களையும் அடைத்தால், கண்ணாடிக்குச் செல்லும் வெங்காற்று பெருகும்.

இவ்வளவும் செய்த பின்னரே, படகுகளின் எஞ்சின் அறைக்கெனச் செய்யப்படும் சிறு மின்விசிறியைக் குழாயினிடையே வைப்பதுபற்றி எண்ணலாம். அதனை வெப்பப் பெட்டிக்கு முன்னே, குளிர்காற்று வரும் குழாயிலே வைத்தல் நன்று. பின்னே வைத்தால் பிளாஸ்ரிக் உருகும். பழைய வண்டுகள் 6 வோல்ற்று மின்சாரத்தில் இயங்குவன; 12 வோல்ற்று விசிறி அவற்றுக்குப் பொருந்தாது.

எல்லாவற்றினும் முதன்மையானது இனிச் சொல்லப்படுவது. வெப்பப் பெட்டியினுள்ளே புகைக்குழாய் அரித்து ஓட்டையானால், எஞ்சினின் புகை வெங்காற்றோடு கலந்து காருக்குள் வரும். எஞ்சினைச் சுற்றியுள்ள றப்பர் அடைப்புகள் இல்லாதபோதும் கீழிருந்து புகையை விசிறி இழுக்கக்கூடும். அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமற்றது, மணமற்றது, குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலாகப் பற்றிக்கொள்வது. தலைவலியும் குமட்டலும் மயக்கமும் தோன்றும். வெம்மையினால் வந்த தூக்கம் என எண்ணிக் கண்ணயர்பவர் விழித்தெழாமற் போவதுமுண்டு. வெம்மையைப் பெருக்குவோர் நஞ்சையும் சேர்த்துப் பெருக்கிவிடலாகாது. ஆகவே பெட்டிகளைக் கழற்றிச் சோதிப்பித்து, குற்றமுள்ளவற்றை மாற்றிய பின்னரே ஏனைய வேலைகளிற் கைவைத்தல் வேண்டும். காபனோரொட்சைட்டை அறிவிக்கும் கருவியொன்றைக் காரில் வைத்திருத்தல் நன்று. எஞ்சினைச் சூடேற்றுவதற்காக மூடிய கொட்டகையினுள் அதனை ஓடவிடுதல் ஒருபோதும் ஆகாது.

பழைய பொருளைப் பேணுதல் நற்பண்பு. அதனைச் செய்தவர் எக்கருத்தோடு செய்தார் என அறிந்து பேணுதல் அதனினும் நற்பண்பு. காற்று எங்கிருந்து புறப்பட்டு எவ்வழி வருகின்றது என்பதைப் பொறுமையோடு தொடர்ந்து பார்ப்பவரின் காரிலே கண்ணாடியும் தெளியும். உள்ளிருப்போர் உயிரும் காக்கப்படும்.