குப்பைமேட்டு மக்களும் புகைப்படக்காரரும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏழையின் முகத்தைப் படம் பிடித்தல் எளிது. அப்படத்தினால் அவ்வேழைக்கு விளையும் நன்மை யாது என்னும் வினாவிற்கு விடை கூறுதலே அரிது. இதனை விளக்கும் பொருட்டு, பிரேஸில் தேசத்து வரலாறொன்றைத் தங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

ரியோ டி ஜெனீரோ நகரை அடுத்து, குவானபரா விரிகுடாவின் ஓரத்தில், ஜார்டிம் கிராமாச்சோ என்னும் பெருங் குப்பைமேடு இருந்தது. 1970-களில் தோன்றிய அது 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூடப்பட்டது. அதுகாறும் ஆடவரும் பெண்டிருமாகப் பல்லாயிரவர் ஆங்கு வந்திறங்கும் லாரிகளைச் சூழ்ந்து நின்று, காகிதம், உலோகம், பிளாஸ்டிக் முதலியவற்றைப் பொறுக்கி விற்று ஜீவனம் செய்து வந்தனர்.

விக் மூனிஸ் என்பார் 1961-இல் ஸாவோ பாவ்லோ நகரில் எளிய குடும்பத்திற் பிறந்து, அமெரிக்கா சென்று புகழ் பெற்ற கலைஞர். 2007-ஆம் ஆண்டு முதல் இவர் இம்மேட்டிற்கு வந்து, அம்மக்களுடன் அளவளாவி, அவர்தம் கதைகளைக் கேட்டறிந்தார். நட்பு முதிர்ந்த பின்னரே சிலரைப் படம் பிடித்தார். அப்படங்களைப் பெரிய கூடமொன்றின் தரையில் பன்மடங்கு பெரிதாக்கி வரைந்து, அவர்கள் பொறுக்கிய பொருள்களையே அவர்கள் கையினாலேயே பரப்பி நிரப்பச் செய்து, உயரத்தில் நின்று மீண்டும் படமெடுத்தார். படத்திற்கு உரியவரே படத்தை ஆக்கியவருமாயினர்.

அவருள் ஒருவர் பொறுக்குவோர் சங்கத்தின் தலைவராகிய தியாவோ சாந்தோஸ். பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1793-இல் தீட்டிய மாராவின் மரணச் சித்திரத்தைப் போன்று, குப்பையிற் கிடைத்த குளியல் தொட்டியில் அவர் சாய்ந்திருக்கும் படம் லண்டன் ஏலத்தில் 28,000 பவுனுக்கு விலைபோயிற்று. அத்தொகை அவர்களுடைய சங்கத்தையே சேர்ந்தது. இவ்வரலாற்றை 2010-இல் வெளிவந்த 'வேஸ்ட் லாண்ட்' என்னும் ஆவணப்படம் உலகறியச் செய்தது.

அப்படத்தில் ஒரு பெண்மணி, பஸ்ஸில் அருகிருப்போர் தம்மீது வீசும் நாற்றத்திற்கு முகஞ் சுளித்ததைக் கூறி, ஆயினும் தம் தொழில் நேர்மையானது என்கின்றார். தொழிலைக் கொண்டு மனிதரை இழிவாக எண்ணும் வழக்கம் நம் நாட்டிற்கும் புதியதன்று. ஆதலின் அச்சொல் நம் நெஞ்சையும் தைத்தல் வேண்டும்.

சில நாள் கலைக்கூடத்தில் மதிப்புடன் இருந்தோரை மீண்டும் குப்பைக்கே அனுப்புதல் தகுமோ என்னும் ஐயம் மூனிஸின் குழுவினரிடையேயும் எழுந்தது. ஐயம் நியாயமானதே. படம் வறுமையை ஒழித்துவிடவில்லை. ஆயின் அவர்களுக்கெனச் சங்கம் ஒன்று முன்னரே இருந்தமையால், வந்த பொருளும் புகழும் சிதறாமல் பொதுவுக்குப் பயன்பட்டன. மேடு மூடப்பட்ட காலத்தில் நஷ்டஈடு பெற்றதும் அவர்கள் ஒன்றுபட்டு நின்று கேட்டதனாலேயாம்.

அன்பர்களே! நாமும் உபகாரச் சம்பளமும் அரிசியும் வழங்குங்கால், பெறுவோரை வரிசையில் நிறுத்திப் படமெடுத்துப் பத்திரிகையில் வெளியிடுகின்றோம். கொடுப்போர் பெயர்கள் அடியில் அச்சாகின்றன. பெறுவோர் பெயர் காண்பதில்லை. இனி அவர்தம் இசைவைக் கேட்போமாக. வேண்டாமென்று அவர் கூறின் அதனை மதிப்போமாக. எடுத்த படத்தின் பிரதியொன்றை அவரிடமே சேர்ப்போமாக. முன்னே நட்பு, பின்னே படம் என்பதே முறை.