பிள்ளை பெற்றவளின் மனதைப் படிக்க நம்மில் யார்?

(கோவையில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கல்வி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேச அழைத்தால் இவர் பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். நம் மேடைகளில் கல்வி என்றால் டாக்டர், இன்ஜினியர் என்ற இரண்டோடு முடிந்துவிடுகிறது. டாக்டரிலும் இதயம், எலும்பு என்றால் சந்தோஷம். மனநல மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று மகன் சொன்னால் அத்தாவின் முகம் சுருங்குகிறது. மகள் சொன்னால் மாப்பிள்ளை அமையுமா என்று அம்மாவுக்குக் கவலை. அந்தப் படிப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதிலும் தாய்மார்களின் மனநலம் என்ற ஒரு பிரிவைப் பற்றி.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், பக்கத்திலுள்ள கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நிறைமாதத்தை நெருங்கும் 359 பெண்களைச் சந்தித்தார்கள். பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள் அவர்களில் 301 பேரை மறுபடியும் பார்த்தார்கள். 11 சதவீதப் பெண்களுக்குப் பிரசவத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது. 2002ல் இந்த ஆய்வு பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் வெளியானது. அதே ஆண்டில் வெளியான கோவா ஆய்வில் இது 23 சதவீதம். அங்கே பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதம் கழித்தும் தேறவில்லை.

பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். நான் சொல்வது அதையல்ல. வாரக் கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளையைத் தூக்கவே மனமில்லை, நான் இருந்து என்ன பயன் என்ற எண்ணம். இது நோய், வைத்தியம் உள்ள நோய். இதைவிடக் கடுமையாக, புத்தி தடுமாறிப் பேசும் நிலை ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

வேலூர் ஆய்வு எந்தச் சூழலில் இந்த நோய் அதிகம் என்றும் சொன்னது. குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்திருக்க மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்தில் ஏதேனும் பெருந்துயரம், கை உதவிக்கு ஆள் இல்லாமை. இதைப் படித்தபோது, இது கணியம்பாடியா நம்ம கரும்புக்கடையா என்று எனக்குத் தோன்றியது. நம் வீடுகளில் நாற்பது நாள் வரை லேகியம், கறிச்சாறு என்று கவனிக்கிறோம். நாற்பது கழிந்ததும் கைப்பிள்ளையோடு மாமியார் வீட்டு அடுப்படிக்குத் திரும்புகிறாள். அந்த ஆய்வாளர்கள் கதவைத் தட்டிய நாட்களும் ஏறக்குறைய அவைதான்!

கர்ப்ப காலப் பெருந்துயரம் என்றால் கோவைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1997 நவம்பர் கடைசியில் நடந்த கலவரத்தின்போதும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புக்குப் பிறகும், வயிற்றில் பிள்ளையோடு எத்தனை பெண்கள் இந்த ஊரில் இருந்திருப்பார்கள்? எல்லாச் சமுதாயத்திலும்தான். எரிந்த கடைக்கு நிவாரணம் கேட்டோம், வழக்குக்கு வக்கீல் தேடினோம். அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதாம்மா என்று கேட்கப் படித்த பெண்கள் நம்மிடம் எத்தனை பேர் இருந்தார்கள்?

இந்தத் துறைக்கே வாழ்நாளைக் கொடுத்த ஒருவரைச் சொல்கிறேன். பேராசிரியர் ஆதிஃப் ரஹ்மான், இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர். அவருடைய ஆய்வுக் களம் பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்கள். தாய்க்கு மனச்சோர்வு இருந்தால் பிள்ளை வளர்ச்சி குன்றுகிறது, வயிற்றுப்போக்கில் அதிகம் விழுகிறது என்று 2004ல் காட்டினார். தாயின் மனதுக்கும் பிள்ளையின் எடைக்கும் முடிச்சுப் போட்ட ஆய்வு அது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிராமத்தில் மனநல டாக்டர் கிடையாது. இருப்பவர்கள் வீடு வீடாகப் போகும் அரசு சுகாதாரப் பெண்கள். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். பேச்சின் மூலம் மனதைத் தேற்றும் முறையை அவர்களுக்கே கற்றுக் கொடுத்தார். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கி மொத்தம் 16 சந்திப்புகள். உனக்கு மனநோய் என்று வாசலில் நின்று சொன்னால் எந்த மாமியார் உள்ளே விடுவார்? பிள்ளை நன்றாக வளர வேண்டும், அதற்காகப் பேச வந்திருக்கிறோம் என்றார்கள். மாமியாரே பாய் விரித்தார், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிரசவமாகி ஆறு மாதத்தில், இந்த உதவி கிடைத்த தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு எஞ்சியிருந்தது; கிடைக்காதவர்களில் 53 சதவீதம். 2008ல் லான்செட் இதழ் வெளியிட்டது. 2015ல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கையேடாக்கியது. பிறகு கோவாவில் சாதாரணக் குடும்பப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, 'சகி' என்று பெயரிட்டு இதையே சோதித்துப் பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் குடியேறிய தெற்காசியத் தாய்மார்களிடையே மான்செஸ்டர் பேராசிரியர் நுஸ்ரத் ஹுசைன் இதே வழியில் நடந்தார். 732 பெண்கள் பங்கேற்ற அவரது ஆய்வு 2024ல் வெளியானது. அவர்களுடைய மொழியிலேயே, குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சை. நான்கு மாதத்தில் சுமார் பாதிப் பேர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 37 சதவீதம். ஓராண்டில் அந்த வித்தியாசம் தங்கவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். மறைக்காமல் எழுதுவதுதான் ஆய்வு.

ஈமான் உறுதியாக இருந்தால் மனச்சோர்வு வருமா என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். பிரசவ வலியில் மர்யம் (அலை) அவர்கள் மரணத்தை விரும்பிச் சொன்ன சொல்லைத் திருக்குர்ஆன் மறைக்கவில்லை. அவர்களின் ஈமானைக் குறை சொல்லும் துணிவு யாருக்கு இருக்கிறது? பேய், செய்வினை என்று பெண்ணை இழுத்துக்கொண்டு அலைவோருக்கு 2001 ஆகஸ்ட் 6 நினைவிருக்க வேண்டும். ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இன்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுக்கிறது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் வார்டு 2009லேயே வந்துவிட்டது.

இளைஞர்களே! எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. படிக்கலாம். 2007 முதல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம். நீட்டில் இடம் கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிடவில்லை. உளவியல், நர்சிங், சமூகப்பணி வழியாகவும் வரலாம். பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. உக்கடத்திலும் குனியமுத்தூரிலும் தமிழ், உர்தூ, மலையாளம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கிறது. அந்த மூன்றும் தெரிந்த ஒரு பெண் ஆய்வாளருக்குத் திறக்கும் கதவு வெளியூர்ப் பேராசிரியருக்குத் திறக்காது. பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாள் தமிழில் இருக்கிறது, 2005லேயே வேலூரில் சரிபார்த்துவிட்டார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. முதல் போட்டால் ரம்ஜான் சீசனுக்குள் திரும்புமா என்று பார்ப்பவர்கள் நீங்கள். இது அப்படித் திரும்பாது. ரஹ்மானின் 2004 ஆய்வு 2015ல்தான் கையேடானது. ஆய்வு மாணவிக்கு முதல் சில ஆண்டுகள் கையில் காசு நிற்காது. வீட்டில் கல்யாணப் பேச்சு நிற்காது. ஆகவே உதவித்தொகையை ஒரு வருஷக் கட்டணத்தோடு நிறுத்தாமல், ஒரே ஒரு மாணவிக்கு ஆனாலும் படிப்பு முடியும் வரை கொடுங்கள். ஒப்பணக்கார வீதியில் நாலு கடை சேர்ந்தால் முடியும் காரியம். திருப்பூர், ஈரோடு சகோதரர்களும் யோசிக்கலாம்.

படித்து வரும்வரை வீட்டில் இருப்பவள் காத்திருக்க முடியாது. 14416 என்பது அரசின் டெலி-மானஸ் எண், கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.