பூகம்பம் பிறந்த இடம்

1934 ஜனவரி 15-இல் பீகாரும் நேபாளமும் குலுங்கி 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தோழர் காந்தியார் அதைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை என்றார். தாகூர் மறுத்தார். தீண்டாமை ஒழிய வேண்டியதே. அதற்குப் பூகம்பத்தைச் சாட்சிக்கு அழைப்பானேன்? தீண்டப்படாதார் குடிசையை அது விட்டுவிட்டதா என்றே நாம் கேட்கிறோம்.

பூமி அதிர்ந்தால் இருவித அலைகள் கிளம்புகின்றன. மேற்பாறையில் முந்தியது விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டரும், பிந்தியது சுமார் மூன்றரைக் கிலோமீட்டரும் ஓடும். இரண்டும் வந்துசேரும் இடைவெளியைக் கொண்டு தூரம் தெரியும். மூன்று ஊர்க் கணக்கைச் சேர்த்தால் இடம் அகப்படும். ஆனால் வேகம் எங்கும் ஒன்றல்ல. 1909-இல் குரோவேஷியாவில் நேர்ந்த பூகம்பத்தை ஆராய்ந்த மொஹரோவிசிச் என்பவர், சுமார் 50 கிலோமீட்டருக்குக் கீழே அலையின் வேகம் திடீரென்று கூடுவதைக் கண்டார். வேகத்தைத் தப்பாக வைத்துக் கணக்கிட்டால் பூகம்பம் வேறு ஊருக்குப் போய்விடும். ஆதலால்தான் பூமிக்குள் எங்கெங்கே எவ்வளவு வேகம் என்று இன்றும் அளந்து வருகிறார்கள்.

பீகார் சங்கதிக்கு வருவோம். இடிபாடுகளைப் பார்த்து, அது வட பீகாரில் பிறந்ததென்றே முதலில் எண்ணினார்கள். பல நாட்டுக் கருவிகளில் பதிந்த நேரங்களைப் பிற்காலத்தில் கணக்கிட்டபோதோ, அது கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்டுக்குத் தெற்கே பிறந்ததென்று ஏற்பட்டது. வட பீகாரில் அவ்வளவு சேதம் நேர்ந்தது, அங்குள்ள ஈர வண்டல் மண் அதிர்ச்சியில் சேறாய்க் குழைந்து போனதால்.