வாய் காய்ந்தால் ஊசியை நிறுத்தலாமா?

(வட்டாரக் கூட்டத்தில் உடல்நலக் குழு சார்பில் பேசியது)

சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது புற்றுநோய் வைத்தியத்தில் வாய் காய்ந்து, புண்ணாகி, சாப்பிட முடியாமல் போவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "வாய் காஞ்சா தண்ணி குடிக்க வேண்டியதுதான், இதுக்கு ஒரு பேச்சா?" என்று தோன்றும். ஆனால் பாதியில் வைத்தியத்தை விட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முடி கொட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். "ஒரு வாய் சோறு இறங்கலை, அதான் அடுத்த ஊசிக்குப் போகலை" என்பார்கள். விட்ட ஊசியில் நோய் மறுபடி தலை தூக்குகிறது.

நமக்கு எச்சில் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. சோற்றை நனைத்து இறக்குவதும், கிருமியைக் கழுவுவதும், பல் சொத்தையாகாமல் காப்பதும் அதுதான்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அழிக்கிறது. புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. முடி வேரும், வாயின் உள்தோலும்கூட அப்படித்தான். மருந்துக்கு இது நெல், இது களை என்று தெரியாது. அதனால் ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாளில் வாய் வெந்து போகிறது. மெதோட்ரெக்சேட், ஃபைவ் எஃப்.யூ., மார்புப் புற்றுநோய்க்குப் போடும் சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசின் ஆகியவற்றில் இது அதிகம். எச்சில் சுரப்பியையும் மருந்து விட்டுவைப்பதில்லை. எச்சில் குறைந்து, பசை மாதிரி ஆகிவிடும். வாந்திக்கும் வலிக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சிலதும் வாயைக் காய வைக்கும்.

நம்ம கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கீமோவில் மடை அடைத்துக்கொண்ட மாதிரி. வைத்தியம் முடிந்து சில வாரத்திலோ சில மாதத்திலோ எச்சில் பெரும்பாலும் திரும்பிவிடும். கழுத்திலும் வாயிலும் 'கரண்டு' வைக்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சில் மடையே இடிந்த மாதிரி. சுரப்பியின் திசுவே அழிவதால் பலருக்கு எச்சில் முழுசாகத் திரும்புவதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து, "இனி வாழ்நாள் பூரா இப்படித்தான்" என்று கீமோ போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி அளவு உப்பு. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் கொப்பளித்துத் துப்புங்கள், பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை. சாம்பல், செங்கல் பொடியில் பல் விளக்கக் கூடாது. மெத்தென்ற பிரஷ் போதும். கடையில் விற்கும் மவுத்வாஷில் சாராயச் சத்து இருந்தால் எரியும், வேண்டாம். ஊறுகாய், முறுக்கு, சுடச்சுடக் காப்பியை ஒதுக்கிவைத்து, குழைய வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும், ஆறின கேப்பைக் கூழ், நன்றாக வெந்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஜிகர்தண்டா குளிர்ச்சி என்று யாராவது வாங்கி வருவார்கள். அன்புதான், ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்குத் தெருவோர ஐஸ் ஆகாது. எச்சில் இல்லாத பல்லுக்கு அந்தச் சர்க்கரையும் ஆகாது.

வெற்றிலையைப் பற்றிச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறோம். வாய் காய்கிறது என்று அதையே அதிகம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு புண்ணைக் கிளறும். புகையிலை மட்டும்தான் கெடுதல் என்பதும் சரியில்லை. வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது.

தலை, கழுத்தில் கரண்டு வைக்கச் சொன்னால், தொடங்கும் முன்பே பல் டாக்டரைப் பாருங்கள். ஆடுகிற பல், சொத்தைப் பல் எடுப்பதாக இருந்தால் முதலிலேயே எடுத்துப் புண் ஆறிவிட வேண்டும். பிறகு எடுத்தால் தாடை எலும்பே ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

மதுரை பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மையத்துக்கு மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து விடியற்காலை பஸ் ஏறிப் போகிறோம். டாக்டர் "எப்படிம்மா இருக்கீங்க?" என்றால், "நல்லாயிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து மகளிடம் அழுகிறோம். வாயைத் திறந்து காட்டுங்கள். புண்ணுக்கு மரத்துப்போக வைக்கும் மருந்து உண்டு. வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சை, அதற்கும் மருந்து உண்டு. தேவைப்பட்டால் மருந்தின் அளவைக் குறைப்பதோ, ஊசியைச் சில நாள் தள்ளிப்போடுவதோ டாக்டர் செய்வார். அதை நாமாக முடிவு செய்யக் கூடாது. எழுதத் தெரிந்த குழு உறுப்பினர் ஒருவர், எந்த நாளில் புண் வந்தது, என்ன சாப்பிட முடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொடுத்தால் பெரிய உதவி.

ஒரு தெர்மாமீட்டரும் வாங்கி வையுங்கள். கீமோ போட்ட நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி வந்துவிட்டால், வாய்ப்புண்ணோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கசாயம் வைத்து விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.